நாற்பத்தெட்டு மணி நேரச் சாட்சி

இது எண்பத்திரண்டில் நடந்ததா, எண்பத்து மூன்றின் தொடக்கத்திலா என்று சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. பெரும்போக அறுவடைக்குச் சற்று முந்திய நாட்கள் என்பது மட்டும் நிச்சயம். கிட்டங்கித் தாம்போதி என்ற தாழ்ந்த பாலத்தின் மேலே கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. டொக்டர் மீனாம்பிகை அன்று உடுத்திருந்த சேலை ஒரு நேரம் நீலமாகத் தோன்றுகிறது, இன்னொரு நேரம் சாம்பலாகத் தோன்றுகிறது. மனிதனின் ஞாபகம் சொல்லச் சொல்ல நிறம் மாறுகிற சாமான். மாறாத ஞாபகம் தோலுக்கு மட்டும்தான் உண்டு என்று டொக்டர் சொல்லுவார். அதை அவர் நிரூபித்த மூன்று நாட்களைப் பற்றி, ஜெமீல் சொன்னதையும் அவன் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன். பிழை இருந்தால் அது என் பிழை.

கல்முனைக் கடைத்தெருவில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் டொக்டருக்கு இரண்டு அறைகள் இருந்தன. முன்னறையில் தோல் நோய்க்காரரைப் பார்ப்பார். பின்னறையில் ஒரு நுணுக்குக்காட்டி, பெட்டி பெட்டியாகக் கண்ணாடித் தகடுகள், பதினான்கு குறிப்புப் புத்தகங்கள். காரைதீவில் பிறந்து, இங்கிலாந்தில் ஆறு வருடம் டி-செல் என்ற வெள்ளையணுவை ஆராய்ந்துவிட்டுத் திரும்பி வந்தவர். உடம்பைக் காக்கவேண்டிய அந்த அணு சிலருக்குள் ஏன் சொந்தத் தோலையே எதிரி என்று நினைக்கிறது என்பதுதான் அவருடைய கேள்வி. இங்கிலாந்துக்கு எழுதிய கடிதங்களுக்கு இப்போதெல்லாம் பதில் வருவதில்லை. அவருக்கு முப்பத்தொன்பது வயது. கலியாணம் செய்யவில்லை. இடது மணிக்கட்டில் கடிகாரப் பட்டியின் கீழே ஒரு வெள்ளைத் திட்டு பரவிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வருடமும் அவர் இன்னும் கொஞ்சம் அகலமான பட்டி வாங்கினார்.

ஜெமீல் அவருடைய உதவியாள். தகடு கழுவுவான், குறிப்பு எழுதுவான், பழைய மொறிஸ் காரை ஓட்டுவான். நாற்பத்திரண்டு வயது. மனைவி கமீலா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் மூன்றாவது வருடம். மாதத்துக்கு ஒரு கசெட்டில் அவள் குரல் வரும். வாய் ஓயாமல் பகிடி விடுவது அவன் பழக்கம். பகிடி நின்றுவிட்டால் வீட்டின் சத்தமின்மை காதில் விழத் தொடங்கும் என்று அவனுக்குத் தெரியும்.

போன வருடம் களவுபோன ஒரு கைக்கடிகாரத்தை, முறையிட வந்தவரின் மைத்துனருடைய கணுக்காலில் இருந்த சொறியை வைத்தே டொக்டர் கண்டுபிடித்தார். மனிதர் அதைக் காலில் கட்டி, கால்சட்டையால் மூடித் திரிந்திருந்தார். அதன்பிறகு நோயோடு வருகிறவர்களைப் போலவே புதிரோடு வருகிறவர்களும் படியேறத் தொடங்கினார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை படியேறி வந்தவர் சவளக்கடைக் கச்சிமுகம்மது போடியார். நாற்பது ஏக்கர் வயல்காரர். கூட வந்தது ஒரே மகள் றஹீமா, இருபத்தொரு வயது.

"டொக்டரம்மா, எனக்கு ஒரு கடிதம் வேணும்," என்றார் போடியார்.

"என்ன கடிதம்?"

"மகளுக்குப் பெருவியாதி இல்ல எண்டு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சாப்போல மாப்பிள வீட்டார் வந்து முடிவு சொல்றாங்களாம். கடிதம் இல்லாட்டி கலியாணம் இல்ல. கலியாணம் நிண்டா ஊரு சும்மா இரிக்காது. மாந்தீவுக்கு அனுப்பு எண்டு இப்பவே கதைக்கிறாங்க."

மாந்தீவு மட்டக்களப்பு வாவிக்கு நடுவே இருந்தது. தொழுநோய் ஆசுப்பத்திரி இருந்த தீவு. அந்தப் பெயரைச் சொல்லும்போது போடியாரின் குரல் ஒரு படி கீழே இறங்கியது. மகளின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அதை ஜெமீல் பார்த்தான். பார்த்தது முக்கியம் என்று அவனுக்குப் பிறகுதான் தெரிந்தது.

"கடிதம் தருவன் போடியார்," என்றார் டொக்டர். "ஆனா, என்ன இருக்கோ அதைத்தான் எழுதுவன்."

திரைக்குப் பின்னால் பரிசோதனை நடந்தது. ஜெமீல் இந்தப் பக்கம் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தான்.

"கண்ணை மூடுங்க மகள். பஞ்சால தொடுவன். தொடுறது தெரிஞ்சா ஓம் எண்டு சொல்லுங்க. தெரியாட்டி இல்லை எண்டு சொல்லுங்க. ஜெமீல், சொல்றதை அப்படியே எழுதுங்க."

கடைத்தெருவில் ஒரு பஸ் ஆட்களைக் கூவிக் கூவி ஏற்றியது. திரைக்குப் பின்னாலிருந்து ஒரு மெல்லிய குரல், இடைவெளி விட்டு விட்டு, "ஓம்... ஓம்... இல்லை... ஓம்... இல்லை... இல்லை..." என்று சொல்லிக்கொண்டே போனது. டொக்டர் நடுவில் ஒரு சொல்லும் பேசவில்லை.

வெளியே வந்து தாளை வாங்கினார். "எத்தனை?"

"பதினொண்டு. ஓம் ஆறு, இல்லை அஞ்சு."

"நான் தொட்டதும் பதினொரு தரம்."

"எல்லாம் சரியா வந்திரிக்கி எண்டா ஏன் டொக்டர் முகம் இப்பிடி?"

டொக்டர் தாளை மடித்துக் கைப்பையில் வைத்தார்.

புண்கள் மூன்று. இடது கன்னத்தில் ஒன்று, இடது முன்னங்கையில் ஒன்று, இடது கணைக்காலில் ஒன்று. மூன்றும் பாக்களவு வட்டம். ஓரம் தடித்துச் சிவந்திருந்தது, பழைய இரண்டின் நடுவும் காய்ந்து வெளிறியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றாக, மூன்று கிழமையில் மூன்று.

"சூனியம் எண்டு சொல்றாங்க," என்றார் போடியார். "ஞாயிற்றுக்கிழமைச் சூனியமாம்."

"கிழமைக்கு ஒரு நாள்தான் வேலையா?" என்றான் ஜெமீல். "சூனியக்காரனுக்கும் அரசாங்க உத்தியோகம் கிடைச்சிட்டுது போல."

டொக்டர் தன் மாதிரிப் பெட்டியைத் திறந்து, பெண்ணின் முதுகில் நான்கு சிறு பிளாஸ்டர்கள் ஒட்டினார். ஒவ்வொன்றின் கீழும் ஒரு பொருள். முதலாவது சவர்க்காரம், இரண்டாவது தலையெண்ணெய், மூன்றாவது கவரிங் நகையின் உலோகம். நான்காவது என்ன என்று சொல்லவில்லை. "வியாழக்கிழமை நானே வீட்டுக்கு வந்து கழட்டுவன். அதுவரைக்கும் நனையக் கூடாது."

போடியார் செருப்பை மாட்டும்போது டொக்டர் கேட்டார். "வெள்ளிக்கிழமைகளில உங்கட வீட்டுக்கு ஆரு வருவாங்க?"

"ஆரும் வரமாட்டாங்க. ஆம்புளயள் எல்லாம் பள்ளியில. டோபி செல்லத்தம்பி மட்டும் காலையில உடுப்பு கொண்டு வருவான்."

அவர்கள் படியிறங்கிய பிறகு ஜெமீல் கேட்டான். "புண் வாறது ஞாயிறு. நீங்க ஏன் வெள்ளிய விசாரிக்கிறீங்க?"

"உங்கட வாப்பாவுக்கு வயல் இருந்ததுதானே ஜெமீல். காவல் பரண் தெரியுமா?"

"தெரியும். காவக்காரன் நித்திர கொள்றதுக்குக் கட்டுற இடம்."

டொக்டரின் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. அவரைப் பொறுத்தவரை அது பெரிய சிரிப்பு. "டி-செல் அந்தக் காவற்காரன். முதல் தரம் ஒரு பன்றி வயலுக்குள்ள வந்தா அவன் சும்மா பாத்துக்கொண்டு இருப்பான். ஆனா அதிட காலடிய மறக்க மாட்டான். பத்து வருசம் கழிச்சு அதே காலடி வந்தா ஊரையே கூப்பிடுவான். கூப்பிட்ட ஆக்கள் வந்து சேர ரெண்டு நாள் செல்லும். அவங்க வந்து அடிக்கிற அடிதான் தோலில புண்ணாத் தெரியுது."

"கள்ளன் போய் ரெண்டு நாளைக்குப் பொறகு வந்து வீட்டுக்காரன அடிக்கிறது," என்றான் ஜெமீல். "எங்கட பொலிஸ் மாதிரித்தான்."

"ஓம். அதால, ஞாயிற்றுக்கிழமை புண் எண்டா கள்ளன் வந்தது வெள்ளிக்கிழமை."

புதன்கிழமை இருவரும் செல்லத்தம்பியைத் தேடி நாவிதன்வெளிக்குப் போனார்கள். தாம்போதியில் தண்ணீர் காரின் அடியைத் தட்டியது. இரண்டு பக்கமும் கதிர் முற்றிய வயல், அதற்கு மேலே பெரிய வெறுமையான வானம். டொக்டர் பேசவில்லை. ஜெமீலும் கொஞ்ச நேரம் பேசாமல் ஓட்டிப் பார்த்தான். கடைசிக் கசெட்டில் கமீலா பாதியில் நிறுத்தி, "வேற என்ன சொல்ற" என்று கேட்டிருந்தாள். அதற்குப் பிறகு நாடாவில் வெறும் இரைச்சல்தான். அவள் அந்த இரைச்சலின் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்திருப்பாள் என்று நினைத்து அவன் அதையும் கடைசிவரை கேட்டிருந்தான்.

"இந்தத் தண்ணிக்கு நாம வள்ளம் வாங்கியிரிக்கலாம் டொக்டர்," என்றான், சத்தத்துக்காக.

செல்லத்தம்பியின் வளவில் கொடி நிறையத் துணி. மனிதர் ஐம்பத்தைந்து வயது, கையெல்லாம் வெந்நீரில் வெளுத்திருந்தது. ஒரு சேங்கொட்டையில் ஊசியைக் குத்தி எடுத்து, சட்டைக் கழுத்தின் உள்பக்கம் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். கபில நிறப் புள்ளி பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்தது.

"எத்தனை தரம் வெளுத்தாலும் போகாது டொக்டர். வீட்டுக்கு ஒரு குறி. எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது, ஆனா நூத்திப் பத்து வீட்டுக் குறியும் தெரியும்."

"போடியார் வீட்டுக் குறி?"

"ரெண்டு கோடு, கீழ ஒரு புள்ளி."

"வெள்ளிக்கிழமை அந்த வீட்டில என்ன செய்வீங்க?"

"மூட்டைய வாசலில வச்சிட்டு மத்த வீடுகளுக்குக் குடுக்கப் போவன். பள்ளி கலையிற நேரம் வந்து மூட்டைய எடுப்பன்."

"சேங்கொட்டைப் பை?"

"அதும் மூட்டைக்குள்ளதான்." அவர் கொஞ்சம் யோசித்தார். "மூணு கிழமையா ஒவ்வொண்டு குறையிது. எலி எண்டு நினைச்சன்."

"சேங்கொட்டை திண்ட எலிய எனக்கும் ஒருக்கா காட்டுங்க," என்றான் ஜெமீல். "வாய் வீங்கிப் பூனைய விடப் பெரிசா இரிக்கும்."

டொக்டர் கொடிப் பக்கம் நடந்துவிட்டிருந்தார். ஒரு வெள்ளைப் பருத்திச் சேலைக்கு முன்னால் நின்றார். கபிலக் கரை, வயதான பெண்கள் உடுத்துவது. புதுத் துணிதான், ஆனால் கஞ்சி முழுவதும் போகப் பல தடவை அலசி, பழந்துணிபோல மென்மையாக்கியிருந்தது. ஓரத்தில் இரண்டு கோடும் கீழே ஒரு புள்ளியும் இருந்தன.

"போடியார் வீட்டில பொம்புள எண்டு மகள் ஒருத்திதானே," என்றார் டொக்டர். "இது ஆரிட?"

செல்லத்தம்பி ஊசியைக் கீழே வைத்தார். துணிகளுக்கிடையே காற்று போய் வந்தது.

"அத நீங்க போடியாரத்தான் கேக்கோணும். குறி போட வேணாம் எண்டுதான் அவர் சொன்னவர். முப்பது வருசப் பழக்கம், ஒவ்வொரு தரமும் கை தன்பாட்டில போட்டிடுது." பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார். "அந்தப் பிள்ளையும் ரெண்டு மாசத்துக்கு முதல் இதே கேள்விய கேட்டது. மூட்டைக்குள்ள கண்டிரிக்கு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்டும் சொல்லல்ல. பேசாம நிண்டன். நான் நிண்டதையே பதிலா எடுத்திட்டுது போல."

திரும்பும் வழியில் ஜெமீலுக்கு ஒரே உற்சாகம். "விளங்கிட்டு டொக்டர். போடியாருக்கு எங்கயோ இன்னொரு குடும்பம் இரிக்கி. அந்தப் பொம்புள டோபியப் புடிச்சி இந்தப் புள்ளைக்குச் சேங்கொட்ட பூச வச்சிரிக்கா."

"இன்னொரு குடும்பத்துக்குக் குடுக்கிற சேலையை ஆரும் மூணு தரம் அலச மாட்டாங்க ஜெமீல்," என்றார் டொக்டர். "கரடுமுரடான துணி பட்டாப் புண்ணாகிற உடம்புக்குத்தான் அப்படி அலசுவாங்க."

கல்முனை வரும்வரை கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே இருந்தார்.

வியாழக்கிழமை காலை சவளக்கடை. போடியாரின் வீடு பெரியது. ஆறு அறைகள், இரண்டு மனிதர்கள். நடுவறைக்கும் உள்ளறைக்கும் இடையே ஒரு பச்சைத் திரைச்சீலை. உள்ளே டொக்டர் பிளாஸ்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றும் சத்தம் கேட்டது. நாற்பத்தெட்டு மணி நேரம் முடிந்திருந்தது.

"ஒண்டு, வெறும் தோல். ரெண்டு, வெறும் தோல். மூண்டு, வெறும் தோல்." ஒரு சிறு இடைவெளி. "நாலு, சிவந்து தடிச்சிருக்கு. கொப்புளம். எழுதுங்க."

டொக்டர் திரையை விலக்கி வந்து உட்கார்ந்தார். "நாலாவது சேங்கொட்டைச் சாறு. இதும் அந்தப் புண்களும் ஒண்டுதான் போடியார், குறி போட்ட துணி உடுத்தே இந்தத் தோல் அதை முந்தியே அறிஞ்சிருக்கு. மகளுக்குப் பெருவியாதி இல்லை."

போடியாரின் முகத்தில் முதலில் ஆறுதல் வந்தது. பின்னாலேயே கோபமும் வந்தது. "செல்லத்தம்பி. முப்பது வருசமா இந்த வீட்டுச் சோத்தத் திண்டவன்." எழுந்து மூலையிலிருந்த தடியை எடுத்தார்.

"இரிங்க போடியார். அவர் இல்லை."

"வேற ஆரிட்ட இரிக்கி சேங்கொட்ட?"

"டோபி குறி போடுறது கழுத்தில, இடுப்பில. கன்னத்தில எந்த டோபி குறி போடுவான்? மூண்டு புண்ணும் இடப்பக்கம். முதுகில ஒண்டும் இல்லை. வேற ஆள் பூசினா வலப்பக்கத்தை ஏன் விடோணும்? வலக்கையால தனக்குத்தானே பூசுற ஆளுக்குத்தான் இடப்பக்கம் வசதி."

தடி போடியாரின் கையிலேயே இருந்தது. அதை வைத்திருப்பதை அவர் மறந்துவிட்டார்.

"ரெண்டு கைக்கும் மருதோன்றி போடுறதுதான் பொம்புளப் பிள்ளைகள் வழக்கம். மகளுக்கு வலக்கைப் பெருவிரலிலயும் சுட்டுவிரலிலயும் மட்டும். அது அலங்காரம் இல்லை. கீழ சேங்கொட்டைக் கறுப்பு இருக்கு." டொக்டர் கைப்பையைத் திறந்தார். "ஜெமீல், செவ்வாய்க்கிழமை எழுதின தாள். என்ன இருக்கு?"

"ஓம் ஆறு, இல்லை அஞ்சு," என்றான் ஜெமீல்.

"நான் பதினொரு தரம் தொட்டன். ஒரு சத்தமும் போடல்ல. பிள்ளைக்குக் கண் மூடியிருந்தது. தொட்டது தெரியாத ஆளுக்கு, இப்ப இல்லை எண்டு சொல்லோணும் எண்டு எப்படித் தெரியும்?"

ஜெமீல் தாளைப் பார்த்தான். தன் கையெழுத்தில், தன் கண்ணுக்கு முன்னாலேயே, இரண்டு நாளாக அது இருந்திருக்கிறது. ஒவ்வொரு இல்லையும் ஒரு ஓம். புண்ணில் பஞ்சு பட்டதும் அவள் உணர்ந்திருக்கிறாள். உணர்ந்ததனால்தான் சரியான நேரத்தில் பொய் சொல்ல முடிந்திருக்கிறது. தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

"இன்னுமொண்டு," என்றார் டொக்டர். இப்போது அவர் திரைச்சீலையைப் பார்த்துத்தான் பேசினார். "பெருவியாதி எண்டா விரல் போகும் எண்டுதான் ஊருக்குத் தெரியும். முதல்ல உணர்வு போகும் எண்டது பக்கத்தில இருந்து பாத்த ஆளுக்குத்தான் தெரியும். ஆரைப் பாத்தீங்க மகள்?"

திரை அசையவில்லை. வயலில் யாரோ கிளி விரட்டும் தகரச் சத்தம் வந்து நின்றது. பிறகு இன்னொரு தடவை வந்து நின்றது.

"உம்மாவ," என்றது திரைக்குப் பின்னாலிருந்த குரல். "எனக்கு ஒம்பது வயசு. அடுப்பில இரிந்த சோத்துப் பானைய உம்மா வெறுங்கையால இறக்கினா. கை பொசுங்கிற மணம் எனக்குத்தான் வந்திச்சி. நான் கத்தினாப்போலதான் உம்மா கையப் பாத்தா. அந்த மாசம் மட்டக்களப்புக்குக் கூட்டிப் போனாங்க. மறுகா வாப்பா வந்து, உம்மா மௌத்தாகிட்டா, அங்கயே அடக்கிட்டாங்க எண்டு சொன்னாரு. கத்தம் ஓதினோம். எல்லாரும் அழுதாங்க. வாப்பா அழல்ல."

"றஹீமா," என்றார் போடியார்.

"அந்தச் சேலைய மூட்டைக்குள்ள கண்டன் வாப்பா. எங்கட குறி. எனக்கில்ல. இந்த வீட்டில வேற பொம்புள இல்ல. உம்மாட கபுறு எங்க எண்டு உங்களட்டக் கேட்டன். ஒரு மாசம் நீங்க என்னோட கதைக்கல்ல. கலியாணம் முடிஞ்சா மறுகா ஒருநாளும் என்ன அங்க போக விடமாட்டாங்க. நோய்க்காரி எண்டா அனுப்புவாங்க. ஒத்தரும் தடுக்க மாட்டாங்க."

போடியார் தடியைச் சுவரில் சாய்த்தார். அது வழுக்கி விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

"பன்னிரண்டு வருசம்," என்றார் கடைசியில். "ரெண்டு பெருநாளைக்கும் சேல கொண்டு போவன், மாசக்கணக்கா முன்னாலயே வாங்கி அலசக் குடுத்திடுவன். துறையில வள்ளக்காரன்ட கையில குடுத்திட்டு நிப்பன். தீவு தெரியும். ஒருநாளும் வள்ளத்தில ஏறல்ல. ஏறினா அவளையும் கூட்டிக்கிட்டுத்தான் திரும்புவன் எண்டு பயம். கூட்டிக்கிட்டு வந்தா இவள ஆரு கட்டுவான்?"

யாரைப் பார்த்துக் கேட்கிறார் என்று தெரியவில்லை.

டொக்டர் மேசையில் தாளை வைத்து எழுதினார். நான்கு வரி. றஹீமாவுக்குத் தொழுநோய் இல்லை, சேங்கொட்டை ஒவ்வாமை மட்டுமே, பதினைந்து நாளில் ஆறும். கையெழுத்திட்டுப் போடியாரிடம் கொடுத்தார்.

"மகள், நீங்க பிழையான நோயை எடுத்திட்டீங்க," என்றார் திரையைப் பார்த்து. "உங்கட உம்மாவிட நோயில உடம்பைக் காக்கிற காவற்காரன் நித்திரை. உங்கட உடம்பில அவன் ஊரைக் கூட்டிக் கத்துறான். இது ரெண்டையும் ஒண்டு எண்டு எழுத என்னால ஏலாது." பிறகு போடியாரிடம் சொன்னார். "பன்னிரண்டு வருசம் மருந்து குடிச்ச ஆள். நோய் எப்பவோ நிண்டிருக்கும். குணமானவங்க கனபேர் அங்கயே இருக்காங்க. கூட்டிப் போக ஆரும் வரல்ல, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை நான் கிளினிக் திறக்கிறதில்லை. நாளைக்குக் காலை ஏழு மணிக்கு மட்டக்களப்புக்குப் போறன். காரில பின்னுக்கு இடம் இருக்கு."

"நாளைக்குத்தானே மாப்பிள வீட்டார் வாறாங்க."

"தெரியும்," என்றார் டொக்டர்.

காரில் ஏறிய பிறகு ஜெமீல் கேட்டான். "வருவாரா டொக்டர்?"

"அதை என்னட்ட இருக்கிற எந்தப் பிளாஸ்டராலயும் கண்டுபிடிக்க ஏலாது."

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குப் புடவைக்கடை வாசலில் யாரும் இல்லை. ஏழேகாலுக்கும் இல்லை. டொக்டர் கடிகாரப் பட்டியைத் தளர்த்துவதும் இறுக்குவதுமாக இருந்தார். ஏழரைக்கு பஸ்ஸிலிருந்து போடியார் இறங்கினார். பின்னால் றஹீமா, கையில் ஒரு துணிப் பொதி. டொக்டரின் கடிதத்தைப் பள்ளிவாசலை நடத்தும் மரைக்காரிடம் கொடுத்து, தான் எங்கே போகிறார், யாரைப் பார்க்கப் போகிறார் என்பதையும் சொல்லிவிட்டு வந்திருந்தார். அதனால்தான் பிந்தியது.

வள்ளத்தில் நான்கு பேரும் ஏறினார்கள். வாவி அசைவில்லாமல் கிடந்தது. போடியார் ஏறும்போது வள்ளக்காரன் அவரை ஏறிட்டுப் பார்த்தான். பன்னிரண்டு வருடமாகப் பொதி வாங்கியவன்.

தீவின் துறையில் தகவல் போய்ச் சேருமுன்பே ஒரு பெண் வந்து நின்றாள், றஹீமாவின் உம்மா. ஸுல்பிகா. வெள்ளைச் சேலை, கபிலக் கரை. ஓரத்தில் இரண்டு கோடு, கீழே ஒரு புள்ளி. விரல்கள் பாதியில் முடிந்திருந்தன. பெருநாளுக்கு முன்னால் வள்ளத்தில் பொதி வரும் நாட்களில் அவள் இப்படி வந்து நிற்பாள் என்று பிறகு சொன்னார்கள். அன்று பெருநாளுக்குக் கனநாள் இருந்தது. தற்செயலாகத்தான் வந்திருக்க வேண்டும். அல்லது தினமும் வந்திருக்க வேண்டும்.

போடியார் மூன்று முழம் தள்ளி நின்றுவிட்டார். றஹீமா போய் அந்தக் கையைப் பிடித்தாள். இரண்டு கையாலும், வெளுக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்தாள்.

"தெரியிதா உம்மா?"

ஜெமீல் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அது மரக்கட்டைபோல அவள் கைக்குள் இருந்தது. அழுத்தத்துக்கு அது திருப்பி அழுத்தவில்லை.

ஸுல்பிகா கண்ணை மூடினாள்.

"ஓம்," என்றாள்.

திரும்பும் வள்ளத்தில் டொக்டரும் ஜெமீலும் மட்டும் இருந்தார்கள். மற்ற இருவரும் மாலைவரை தீவில் நின்றார்கள்.

"அந்த மனிசி சொன்னது பொய் டொக்டர்," என்றான் ஜெமீல்.

"ஓம்."

"எழுதி வைக்கவா?"

"வேண்டாம்," என்றார் டொக்டர். அதன்பிறகு கரை வரும்வரை இருவரும் பேசவில்லை. அந்தச் சத்தமின்மையை ஜெமீல் முதன்முதலாகப் பகிடியால் நிரப்பாமல் விட்டான்.

மாப்பிள்ளை வீட்டார் அன்றே கலியாணத்தை நிறுத்தினார்கள். ஸுல்பிகா அறுவடை முடிந்து சவளக்கடைக்கு வந்தாள். ஊர் ஒரு வருடம் அந்த வீட்டில் தண்ணீர் குடிக்கவில்லை, பிறகு குடித்தது. ஆறு வருடம் இருந்து மௌத்தானாள். கபுறு சவளக்கடை மையவாடியில் இருக்கிறது. போடியார் அவளுக்கு அடுத்த வருடம் போனார். றஹீமா மருதமுனையில் தறி வைத்திருந்த சீனிமுகம்மது என்பவரைக் கலியாணம் முடித்தாள். பெண் பார்க்க வந்த அன்று அவர் முதலில் ஸுல்பிகாவுக்குத்தான் ஸலாம் சொன்னாராம். றஹீமாவின் கன்னத்தில் மட்டும் ஒரு மங்கல் வட்டம் கடைசிவரை போகவில்லை. செல்லத்தம்பி சேங்கொட்டையை விட்டுவிட்டுச் சிவப்பு நூலில் குறி போடத் தொடங்கினார். தொண்ணூறில் இடம்பெயர்ந்தார், பிறகு தகவல் இல்லை. டொக்டர் மீனாம்பிகையின் ஆய்வு எண்பத்தாறில் வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றில் வந்தது. அதில் றஹீமா ஏழாம் நோயாளி. அதே வருடம் அவர் கடிகாரம் கட்டுவதை நிறுத்திவிட்டார். கலியாணம் செய்யவில்லை. காரைதீவில் தனியாகவே இருந்தார். கமீலா ஐந்தாம் வருடம் குவைத்திலிருந்து வந்தாள். ஒருவரோடொருவர் என்ன கதைப்பது என்று தெரியாமல் அவளும் ஜெமீலும் சில மாதம் பேசாமல் இருந்தார்கள். பிறகு பழகிவிட்டது.